வற்புலமும் நாற்றமும்: காவிரிப் படுகை இல்லங்களில் எறும்பு காத்த முறை

சிறுகுடி கிழான் பண்ணனைச் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் பாடிய பாட்டு (புறம். 173) தமிழ் மாணவர் அனைவரும் அறிந்தது. பண்ணன் மனையில் சோறு பெற்ற சிறுவர் கையிற் சோற்றுடன் வேறு வேறாகச் செல்லும் காட்சி அதில் வருகின்றது. மழைக்காலத்தில் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வற்புலம் நாடிச் செல்லும் சிற்றெறும்புகளின் ஒழுக்கு அதற்கு உவமையாயிற்று. உவமையின் நயத்தை ஆசிரியர் பலரும் வகுப்பில் எடுத்துரைப்பர். ஆயின் அவ்வெறும்புகள் சென்று சேர்ந்த வற்புலம் யாது என்னும் வினாவை எழுப்பிப் பார்த்தல் வேண்டும். எறும்பு மனைக்குள் புகுவதும், மனையோர் அதனைத் தடுத்ததும் ஆகிய வரலாறு அவ்வினாவிலேயே தொடங்குகின்றது என்பது எம் துணிபு.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதிகளில் குன்றென்பதில்லை. கண்ணுக்கெட்டிய வரை வயல், வயலுக்கு வரப்பு, அதனையடுத்து வாய்க்கால். கோடையில் வயல் வெடித்துக் கிடக்கும்போது எறும்பு வரப்பிலும் வெடிப்பிலும் வளை அமைத்து வாழ்கின்றது. ஆற்றில் நீர் வந்து வயல் நிரம்பியவுடன் அவ்வளை மூழ்குகின்றது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வரப்பும் ஊறிவிடும். அப்பொழுது அவ்வூரில் நீர் ஏறாத மண் இரண்டே: கோயில் மேடு ஒன்று, திண்ணை உயர்த்திக் கட்டிய மனை மற்றொன்று. மலைநாட்டில் எறும்புக்கு வற்புலம் பல இருக்கலாம். மருத நிலத்தில் நம் வீடே அதற்கு வற்புலம். உணவு தேடி வருவதோடு, உயிர் தப்பவும் அது நம்மிடம் வருகின்றது. (அது சுமந்து செல்லும் 'முட்டை'களுட் பெரும்பாலன உண்மையில் புழுக்களும் கூட்டுப்புழுக்களுமே. அதனாற் புலவர் கண்டதில் பிழை ஒன்றுமில்லை. வழக்கு அவற்றை முட்டை என்றே கூறும்.)

மருதப் பாட்டுகளில் எறும்பு இங்ஙனம் வயலோடு ஒட்டியே வருதல் கருதத்தக்கது. நற்றிணை 180ஆம் பாட்டில், பழனத்துப் பாகலில் முயிறுகள் மொய்த்த கூட்டினைக் கழனி நாரை உரசுகின்றது. கூடு சிதைந்து உதிர்ந்த செவ்வெறும்பும் அதன் வெண்முட்டையும், செந்நெல்லொடு விரவிய வெள்ளரிசி போலக் கிடக்கின்றன. நெல்லையும் எறும்பையும் நாள்தோறும் ஒருங்கு கண்ட கண்ணுக்கன்றி இவ்வுவமை தோன்றாது. இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் இம்முயிற்றை, இன்று முசிறு என்பர், சீனர் எலுமிச்சை இனத் தோட்டங்களில் பூச்சிகளை ஒழிக்கப் பயன்படுத்தினர். கி.பி. நான்காம் நூற்றாண்டினதாகக் கூறப்படும் சீன நூலொன்று, அவ்வெறும்புக் கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதைக் குறிக்கின்றது. எறும்பை எல்லாவிடத்தும் பகையாகவே கருதினர் என்பது பொருந்தாது.

இனி, தடுத்த முறைக்கு வருவோம். இவ்விடத்துத் தொல்காப்பிய மரபியல் எமக்கு எதிர்பாராத துணையாயிற்று. உயிர்களை அறிவினால் வகுக்குமிடத்து, ஆசிரியர் சிதலையும் எறும்பையும் மூன்றறிவுடையனவற்றுள் வைக்கின்றார். ஊறு, சுவை ஆகியவற்றின் மேல் மூன்றாவது நாற்றம். நாற்றம் என்பது ஈண்டு மணம் என்னும் பழம்பொருளது. கண்ணறிவு நான்காவதாகலின், அவர் வகுப்பின்படி எறும்பு காண்பதில்லை, மோந்தே அறிகின்றது. சிதலைப் பொறுத்தவரை இஃது ஏறக்குறைய உண்மை. அவற்றுள் உழைக்கும் இனம் பெரும்பாலும் கண்ணற்றது. எறும்புக்குக் கண் உண்டு. எனினும் வரிசையாகச் செல்லும் எறும்பினங்கள் பலவும் தம்முடன் வந்தவை நிலத்தில் இட்டுச் சென்ற மணத்தடத்தைப் பற்றியே செல்கின்றன. ஒருவகைத் தீயெறும்பின் உடலில் அம்மணப்பொருள் எங்கிருந்து ஊறுகின்றது என்பதனை எட்வர்டு வில்சன் 1959இல் ஆய்ந்து காட்டினார். இதனைக் கொண்டு, இன்றைய உயிரியலைத் தொல்காப்பியர் அன்றே கண்டார் எனப் பறைசாற்றுதல் எம் கருத்தன்று. அத்தகைய பெருமிதங்களால் ஆராய்ச்சிக்குக் கேடே விளைந்துள்ளது. எறும்பு மூக்கால் வாழும் உயிர் என்னும் அறிவு தமிழரிடை நெடுநாள் வழங்கியது என்பதே யாம் கொள்ளத்தக்கது.

அவ்வறிவு அடுக்களையில் எங்ஙனம் தொழிற்பட்டது? சருக்கரைப் பாத்திரத்துள் நான்கைந்து கிராம்பு இடுதல், வளைவாயிற் பெருங்காயம் கரைத்து ஊற்றுதல், நிலைப்படியோரம் மஞ்சட்பொடி தூவுதல், சுவரோரம் வேப்பெண்ணெய் தடவுதல், எலுமிச்சைத் தோலால் மாடத்தைத் தேய்த்தல் ஆகிய எல்லாம் நாற்றத்தினால் நாற்றத்தை மறைப்பனவே. எறும்பு இவற்றால் மடிவதில்லை, வழி தவறுகின்றது. ஆதலின் இவற்றின் பயன் சில நாளே நிற்கும். மணம் போனபின் மீண்டும் இடவேண்டும். இதனைச் சொல்லாமல், ஒருமுறை தூவினாற் போதும் என்பார் கூற்றை நம்பி ஏமாந்தோர் பலர். சாம்பலும் சுண்ணப்பொடியும் சற்று வேறு. நுண்ணிய உலர்பொடியில் எறும்புக்குக் கால் ஊன்றுவது அரிது. ஈரம் பட்டால் அவையும் பயனற்றுப் போகும். எறும்பு ஏறிய வெல்லத்தை வெயிலில் வைத்தால் அது தானே இறங்கிச் செல்லும் என்பதனை எம் தாயார் செய்யக் கண்டுள்ளோம். மிக எளிய அம்முறைக்கு ஒரு கைப்பொருளும் வேண்டுவதில்லை.

இவற்றினும் சிறந்தது, யாரும் மருந்தென்று எண்ணாத ஒன்று. உண்ட இடத்தை உடனே மெழுகுதல் நம் இல்லங்களில் ஒழுக்கமாகவே போற்றப்பட்டது. அதற்குத் தூய்மை, தீட்டு எனப் பல காரணம் கூறுவர். காரணம் எதுவாயினும், சிந்திய பருக்கையும் எறும்பிட்ட மணத்தடமும் அவ்வொரு செயலில் ஒருங்கே நீங்கின. தடம் அழிந்தபின் முதலெறும்பு கண்ட செய்தி கூட்டத்தைச் சேர்வதில்லை. இன்று சாணமெழுகு போயிற்று. ஆயினும் சவர்க்காரநீர் தோய்ந்த துணியால் எறும்புவரிசையின் வழியை அழுந்தத் துடைத்தல் அதே பயனைத் தரும்.

நாற்றத்திற்கு அடுத்தது நீர். எறும்பை மனைக்குத் துரத்தியதும் நீர். அதனைப் பண்டத்திலிருந்து விலக்கியதும் நீரே. நெய்யும் பாலும் வைத்த பாத்திரத்தை நீர் நிரம்பிய அகன்ற தட்டின் நடுவே வைப்பர். அலமாரியின் நான்கு கால்களுக்கும் கல்லாலோ மண்ணாலோ ஆன கிண்ணம் வைத்து நீர் ஊற்றுவர். கோட்டைக்கு அகழி போல்வது இது. உறியும் உயர்ந்த காப்பே எனினும் பூனைக்கு அது தடை. கயிற்றின்வழி இறங்கும் எறும்புக்கு அன்று. கிண்ணநீரில் தூசு படர்ந்தால் அதன்மேல் எறும்பு நடந்து கடக்கும். அலமாரி சுவரைத் தொட்டாலும் காப்பு வீணே. நீரை மாற்றாது விட்டால் ஒரு வாரத்திற்குள் கொசு பிறக்கும் என்பதனையும் இக்காலத்தார் கருதல் வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இத்தகைய சிறுநீர்நிலையையே விரும்புகின்றது.

அரிசிமாக் கோலம் எறும்பை வாயிலிலேயே நிறுத்தும் பொருட்டு அமைந்தது என்று கூறுவாருளர். இதனை யாம் முழுதும் உடன்படோம். உணவை வாயிலில் இட்டால் எறும்பு வாயிலுக்கு வரும். அங்கேயே நின்றுவிடும் என்பதற்கு உறுதி யாது? கோலம் ஓர் ஈகை. அதனைத் தடுப்பெனக் கூறுதல் அதன் பெருமையைக் குறைப்பதாகும். கடிக்காத சிறு கருநிற எறும்பைப் பிள்ளையார் எறும்பு எனப் பெயரிட்டு மிதியாது விடுதலும், காவிரிப் படுகையின் மேற்றலையில் உள்ள திருவெறும்பூரில் தேவர் எறும்புருக் கொண்டு வழிபட்டனர் என்னும் தலபுராணமும், திருவாரூர் இறைவன் புற்றிடங்கொண்டார் எனப் பெயர் பெற்றதும் அவ்வீகையோடு ஒத்த மனநிலையையே காட்டுகின்றன. கொல்லாது விலக்குதல் இந்நாட்டாருக்கு இயல்பாயிருந்தது.

ஆயின் சிதலிடத்து இவ்வருள் செல்லாது. எறும்பு பண்டத்தைக் கொள்ளுகின்றது. சிதலோ, கறையான், செல் என்பனவும் அதுவே, நூலைக் கொள்ளுகின்றது. உயிரியலார் எறும்பைக் குளவியினத்தோடும் சிதலைக் கரப்பினத்தோடும் சேர்ப்பர். உருவில் ஒப்பாயினும் இரண்டும் உறவல்ல. சிறுபாணாற்றுப்படை காட்டும் வறிய பாணன் அடுக்களையில், சிதல் அரித்த பழஞ்சுவரில் காளான் பூத்துள்ளது. அது வறுமையின் காட்சி. தமிழ் நூல்களுக்கு அத்தகைய வறுமை வந்த காலமும் உண்டு. தில்லையில் பூட்டிய அறையொன்றில் தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது என்றும், இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி, எஞ்சியவற்றையே எடுத்தனர் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். புராணத்தை வரலாறாகக் கொள்ளாதாரும், அக்கதை பிறந்த அச்சத்தை மறுத்தல் இயலாது. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை, தம் பதிப்புரையில், கையிலெடுக்கும்போதே நொறுங்கும் ஏடுகளின் நிலையைக் கண்டு வருந்தி எழுதியுள்ளார்.

இக்கேட்டைத் தடுக்கத் தஞ்சை சரசுவதி மகாலில் கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்து, துணியில் முடிந்து சுவடிகளிடையே வைத்தனர். ஏடுகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுதலும் சுவடி காப்போரிடை வழங்குவதே. அடுக்களையில் எறும்பை விலக்கிய நாற்றமே நூலகத்தில் ஏட்டுப்பூச்சியை விலக்கிற்று. வசம்பைக் குழந்தையுள்ள வீட்டில் பிள்ளைவளர்ப்பான் என்பர். எனினும் அதிலுள்ள அசரோன் என்னும் பொருள் மிகுதியாக உட்கொண்டால் தீங்கு தரும் எனக் கண்டு, அமெரிக்க நாட்டில் 1968இல் அதனை உணவிற் சேர்ப்பதைத் தடை செய்தனர். இயற்கைப் பொருள் என்பதனாலேயே ஒன்று நஞ்சற்றது ஆகிவிடாது. கற்பூரமும் அத்தகையதே, குழந்தை வாயிலிட்டால் உயிருக்கே இடராகும்.

ஈண்டு யாம் அஞ்சுவது வேறொன்று. வசம்புமுடிச்சு ஏட்டுப்பூச்சிக்குத் தடை. நிலத்திலிருந்து மண்குழாய் கட்டி ஏறிவரும் சிதலுக்கு அது போதிய தடையன்று. சிதல் வெளிக்காற்றில் நடப்பதில்லை. ஈரமண்ணால் மூடிய வழியமைத்தே வருகின்றது. ஆகவே அதன் நாற்றத்தை மயக்குதலினும் அதன் வழியை அறுத்தலே முறை. எம் குடும்பத்தில் மருத்துவச் சுவடிக்கட்டு ஒன்று இருந்தது. மரப்பெட்டியில், வசம்பும் வேப்பிலையும் இட்டு, ஆண்டுதோறும் சரசுவதி பூசையன்று எடுத்துப் பொட்டிட்டு மீண்டும் வைப்பர். பெட்டி மண்சுவரை ஒட்டியிருந்தது. ஓராண்டு திறந்தபோது மேற்பலகையும் கீழ்ப்பலகையும் நூற்கயிறும் இருந்தன. இடையில் ஏடுகளுக்குப் பதில் மண்ணே இருந்தது. அவற்றுள் என்ன எழுதியிருந்தது என்பதனை இனி எவரும் அறியார். படி எடுத்து வைத்தாரும் இலர்.

சென்ற நூற்றாண்டின் நடுவில் இவ்வெல்லா முறைகளையும் ஒரே பொடி நீக்கிற்று. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைப் பால் முல்லர் 1939இல் கண்டறிந்து 1948இல் நோபல் பரிசு பெற்றார். அதனைத் தொடர்ந்து பி.எச்.சி. பொடி வயலுக்கு வந்தது. வயலிலிருந்து வீட்டுக்கும் வந்தது. நெற்பயிருக்கு வாங்கிய பொடியில் ஒரு கை அள்ளி அடுக்களை ஓரம் தூவாத வீடு எம் ஊரில் அரிது. எறும்பு உடனே மடிந்தது. மஞ்சளும் மெழுகும் மறக்கப்பட்டன. அப்பொடி மண்ணிலும் நீரிலும் தாய்ப்பாலிலும் தங்கும் என்பது பின்னரே புலனாயிற்று. இந்தியாவில் பி.எச்.சி. 1997இல் தடை செய்யப்பட்டது. இன்று அவ்விடத்தைப் பூச்சிமருந்து கலந்த சுண்ணக்கட்டி பெற்றுள்ளது. எழுதுகோல் போன்ற அதனைக் குழந்தை கைக்கு எட்டுமாறு வைத்தல் எத்துணை இடரென்பதை விரித்துக் கூற வேண்டா.

எம் துறைக்கு வரும் மாணவர் சிலர், தம் ஊர் வீடுகளில் இன்னும் கிடக்கும் சுவடிகளைப் பற்றி வினவுகின்றனர். அவர்களுக்கு யாம் கூறுவது இது: வசம்புமுடிச்சை ஆறு திங்களுக்கொரு முறை மாற்றுக. அதற்கு முன் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கி, கற்கால்களின்மேல் நிறுத்துக. சரசுவதி பூசை வரை காத்திராமல், ஐப்பசி மழை ஓய்ந்த முதல் வெயிலில் பெட்டியின் அடிப்புறத்தைப் பார்க்க. மண்கோடு ஒன்று ஏறியிருந்தால் அன்றே அறுத்துவிடுக. ஏடுகளை ஒளிப்படம் எடுத்து முடிக்கும் வரை பெட்டியை மீண்டும் பூட்ட வேண்டா.