மூன்றாம் ரேங்க் எங்கிருந்து வந்தது?

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், ஸ்டான்ஃபோர்டில் 1952இல் சட்டம் முடித்தபோது வகுப்பில் மூன்றாவது ரேங்க் என்பார்கள். அதே வகுப்பில் முதல் ரேங்க், பின்னாளில் தலைமை நீதிபதியான வில்லியம் ரென்குவிஸ்ட். வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த இரண்டு தகவலும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அப்படியானால் இரண்டாவது யார்? நான் புரட்டியவற்றில் அந்தப் பெயர் எங்குமே இல்லை. என் தேடலைத் தொடங்கிவைத்தது அந்தக் காலியிடம்தான்.

முதலில் பழைய நாளிதழ்கள். அதிபர் ரீகன் 1981 ஜூலை 7 அன்று உச்ச நீதிமன்றத்துக்கு ஓ'கானரின் பெயரை அறிவித்தார். அதையடுத்து வந்த எழுத்துகளில் 'மூன்றாவது' திரும்பத் திரும்ப வருகிறது. '102 பேரில் மூன்றாவது' என்றும் சொல்லப்படுகிறது. இவ்வளவு திட்டமான எண்ணைப் பார்த்தால் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறது என்றே எவருக்கும் தோன்றும்.

அந்தப் பதிவேட்டைத் தேடிப் பின்னோக்கிப் போனால் வழி அடைபடுகிறது. 1952இல் மாணவர்களை ரேங்க் வாரியாக வரிசைப்படுத்தும் வழக்கமே எங்களிடம் இல்லை என்பதுதான் ஸ்டான்ஃபோர்டின் அதிகாரபூர்வ நிலைப்பாடு. அதாவது 'முதல்', 'மூன்று' என்ற இரண்டையுமே கல்லூரி கொடுக்கவில்லை. ரென்குவிஸ்ட் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் 1951 டிசம்பரிலேயே படிப்பை முடித்துவிட்டார். 1952 பிப்ரவரியில் வாஷிங்டனில் நீதிபதி ராபர்ட் ஜாக்சனிடம் சட்ட உதவியாளராகச் சேர்ந்தாயிற்று. வகுப்புத் தோழர்கள் அப்போது இன்னும் படித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டுமென்றால், எப்படி நிறுத்துவது என்பதை யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்.

உறுதியாகக் கையில் கிடைப்பவை இரண்டு. மாணவர்களே நடத்தும் சட்ட இதழான ஸ்டான்ஃபோர்ட் லா ரிவ்யூவின் ஆசிரியர் குழுவில் இருவரும் இருந்தார்கள். ஓ'கானர் 'ஆர்டர் ஆஃப் தி காய்ஃப்' என்ற கௌரவக் குழுவுக்குத் தேர்வானார். வகுப்பின் மேல் 10 சதவீதத்தினருக்கு மட்டுமே கிடைக்கும் அடையாளம் அது. நூறு பேர் வகுப்பென்றால் முதல் பத்துப் பேர். அந்தப் பத்துக்குள் அவர் எங்கே என்பதை இந்தச் சான்று சொல்லாது.

அந்த ஆண்டிலிருந்து காகிதமே மிஞ்சவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ரென்குவிஸ்ட் ஓ'கானரிடம் திருமணத்துக்குச் சம்மதம் கேட்டு 1952இல் எழுதிய கடிதத்தை, வரலாற்று எழுத்தாளர் இவான் தாமஸ் ஓ'கானரின் காகிதங்களிலிருந்து கண்டெடுத்தார். 2018இல் அது செய்தியாயிற்று. அவ்வளவு அந்தரங்கமான கடிதம்கூடப் பத்திரமாக இருந்திருக்கிறது; ரேங்க் பட்டியல்தான் இல்லை.

கல்லூரி கொடுக்காத எண்ணுக்கு ஏன் இத்தனை பசி? பதில் வேலைச் சந்தையில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பால் கிரவாத் தன் சட்ட நிறுவனத்துக்கு ஆள் எடுக்க ஒரு முறை வகுத்தார். சிறந்த கல்லூரிகளில் உயர்ந்த மதிப்பெண் வாங்கி, லா ரிவ்யூவில் இருந்தவர்களைப் படிப்பு முடிந்த கையோடு எடுத்து, உள்ளேயே பழக்குவது. மற்ற பெரிய நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. நாம் கேம்பஸ் இன்டர்வியூ என்கிறோமே, அங்கே அது நடக்கும்போது பெரும்பாலும் முதலாண்டு மதிப்பெண் மட்டுமே கையில் இருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் பெரும்பாலும் ஒரே ஓர் இறுதித் தேர்வு. மூன்று நான்கு மணி நேரம் எழுதியதைக் கொண்டு அடுத்த பல ஆண்டுகள் தீர்மானமாகின்றன. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்த மதிப்பெண்ணும் தனித்து நிற்பதில்லை. வகுப்பின் சராசரி இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று கல்லூரி முன்கூட்டியே விதித்துவிடுகிறது. அதைத்தான் கர்வ் என்கிறார்கள். நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதினாலும், பக்கத்தில் இருப்பவர் அதைவிட நன்றாக எழுதினால் உங்கள் கிரேடு இறங்கும். சராசரி 3.3 என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் அதைச் சுற்றியே நெருக்கியடித்து நிற்பார்கள். அந்த நெரிசலில் ஒரே பாடத்தில் பி பிளஸ் ஏ மைனஸ் ஆனால், மொத்தச் சராசரி கொஞ்சம்தான் நகரும். ரேங்க்கோ பத்துப் பதினைந்து பேரைத் தாண்டிப் போய்விடலாம். நிறுவனம் 'மேல் 10 சதவீதம்' என்று கோடு போட்டிருந்தால், அந்த ஒரு பாடமே கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவு செய்துவிடும்.

இந்த அளவுகோலும் ஊருக்கு ஊர் வேறு. சிகாகோவில் 155 முதல் 186 வரை மதிப்பெண் போடுகிறார்கள், நடுப்புள்ளி 177. யேலில் ஹானர்ஸ், பாஸ், லோ பாஸ் என்ற வகைகள்தான். 2008இல் ஸ்டான்ஃபோர்டும் ஹார்வர்டும் அதே வழிக்கு மாறுவதாக முடிவெடுத்தன. லாஸ் ஏஞ்சலஸின் லயோலா சட்டக் கல்லூரி 2010இல், ஏற்கெனவே வழங்கிய கிரேடுகள் உட்பட எல்லாவற்றிலும் 0.333 கூட்டியது. மற்ற கல்லூரிகளின் தாராளமான சராசரிக்கு முன்னால் தன் மாணவர்கள் வேலைச் சந்தையில் பின்தங்கக் கூடாது என்பதே காரணம். எல்லோருக்கும் ஒரே அளவு கூடியதால் உள்ளே வரிசை மாறவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கண்ணுக்கு மட்டும் மாறியது. அதனால் 3.3 என்று எழுதிய மார்க் ஷீட்டைக் கையில் வாங்குகிறவர் அந்தக் கல்லூரியின் சராசரி எது என்று முதலில் கேட்க வேண்டும். அது தெரியாமல் 3.3க்கு அர்த்தம் கிடையாது.

மறுபடி 1952. ஸ்டான்ஃபோர்டின் அறிவிப்புப் பலகையில் சட்ட நிறுவனங்கள் ஆள் கேட்டு ஒட்டியிருந்த தாள்களைப் பார்த்துக் குறைந்தது நாற்பது இடங்களுக்குத் தொலைபேசினார் ஓ'கானர். பெண் என்பதால் ஒருவரும் நேர்முகத்துக்குக்கூட அழைக்கவில்லை. தெரிந்தவர் மூலம் கிப்சன், டன் அண்ட் க்ரட்சரில் ஒரு சந்திப்புக் கிடைத்தது. டைப்பிங் எப்படி வரும் என்றுதான் அங்கே கேட்டார்கள். கடைசியில் சான் மாட்டியோ மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில், சம்பளம் இல்லாமல், செயலாளரின் அறையிலேயே ஒரு மேசை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். 1981இல் அவர் பெயரை ரீகனிடம் கொண்டுபோன அட்டர்னி ஜெனரல் வில்லியம் ஃப்ரெஞ்ச் ஸ்மித், அதே கிப்சன் டன்னில் பங்குதாரராக இருந்தவர். 'மூன்றாவது' என்ற எண்ணை நாடே படித்தது அந்த ஆண்டில்தான். வேலை தேடி அலைந்தபோது அது அவருக்குத் துணைக்கு வரவில்லை.

எண் கையில் இருந்திருந்தால் கதை மாறியிருக்குமா? அதற்கும் ஒரு சான்று உண்டு. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க் 1959இல் கொலம்பியாவில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு வெளியே வந்தார். நியூயார்க்கின் ஒரு சட்ட நிறுவனமும் வேலை தரவில்லை. பேராசிரியர் ஜெரால்ட் குந்தர்தான் நீதிபதி எட்மண்ட் பால்மியேரியிடம் பேசினார். இவருக்கு வாய்ப்புத் தராவிட்டால் இனிக் கொலம்பியாவிலிருந்து ஒருவரையும் பரிந்துரைக்க மாட்டேன் என்றார். சரிப்படாவிட்டால் மாற்றாக ஓர் ஆணை அனுப்புவதாகவும் உறுதி கொடுத்தார். மாற்று ஆள் தேவைப்படவில்லை. 1961 வரை கின்ஸ்பர்க் பால்மியேரியிடமே சட்ட உதவியாளராகப் பணிபுரிந்தார்.