குழாய்நீரும் பொறுப்பாளரும்: லீஜியோனெல்லா தடுப்புமுறை உருவான வரலாறு

1976 ஜூலையில் பிலடெல்பியாவின் பெல்வூ-ஸ்ட்ராட்ஃபோர்டு விடுதியில் அமெரிக்க லீஜியன் என்னும் முன்னாள் படைவீரர் அமைப்பின் பென்சில்வேனியக் கிளை மாநாடு நடந்தது. ஊர் திரும்பியவர்கள் பலருக்குக் கடும் நிமோனியா கண்டது. விடுதியின் அருகே தெருவில் சென்றவர்களையும் சேர்த்து 221 பேர் நோயுற்றனர். 34 பேர் இறந்தனர். பன்றிக்காய்ச்சல், நிக்கல் நச்சு என்று சந்தேகம் பல திசைகளில் ஓடியது.

அவ்வாண்டு டிசம்பர் இறுதியில், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஜோசப் மெக்டேட் பழைய கண்ணாடித் தகடுகளை மீண்டும் நுண்ணோக்கியில் வைத்தார். இறந்தவர்களின் நுரையீரல் திசு செலுத்தப்பட்ட கினிப் பன்றிகளிலிருந்து எடுத்த மாதிரிகள் அவை. ஓரிடத்தில் கோல்வடிவ பாக்டீரியாக்கள் கொத்தாகக் கிடந்தன. இம்முறை நுண்ணுயிர்க்கொல்லி சேர்க்காமல் கருவுற்ற கோழிமுட்டையில் வளர்த்தார். பாக்டீரியா பெருகியது, நோயாளிகளின் குருதிநீரும் அதனோடு வினைபுரிந்தது. 1977 ஜனவரியில் முடிவு வெளியானது. சேமிப்பிலிருந்த குருதிநீரைச் சோதித்ததில், 1965இல் வாஷிங்டன் மனநல மருத்துவமனையிலும் 1968இல் மிச்சிகனின் பான்டியாக்கிலும் காரணம் புரியாமல் விடப்பட்ட நோய்களுக்கும் இதே வகைக் கிருமிதான் காரணம் எனத் தெரிந்தது.

ஆனால் கிருமிக்கு லீஜியோனெல்லா என்று பெயர் கிடைத்ததால் தடுப்பு கிடைத்துவிடவில்லை. குளம், ஆறு எங்கும் அது இருக்கிறது. 1980இல் லீட்ஸ் நகர ஆய்வாளர் திமோத்தி ரோபாதம் அது அமீபாக்களுக்குள் புகுந்து பெருகுவதைக் காட்டினார். குழாய்ச் சுவரின் வழுவழுப்பான படலத்தில் இந்த அமீபாக்கள் மேய்கின்றன. உள்ளிருக்கும் கிருமியைக் குளோரின் எளிதில் எட்டாது. ஆகவே கேள்வி கிருமியை விட்டுக் கட்டடத்தின் பக்கம் திரும்பியது. நீர் எங்கே தேங்குகிறது, எங்கே வெதுவெதுப்பாக நிற்கிறது, எங்கே நுண்துளியாகச் சிதறுகிறது?

இதற்கு முறையான விடை தேடியது பிரிட்டன். அதுவும் அடிபட்ட பிறகே. 1985இல் ஸ்டாஃபோர்டு மருத்துவமனைக் கூரையிலிருந்த கூலிங் டவர் வழியே நோய் பரவி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரசு பொது விசாரணை வைத்தது. கூலிங் டவர்களை உள்ளாட்சியிடம் பதிவு செய்வது 1992இல் கட்டாயமானது. (நியூயார்க் நகரம் அதே பதிவைச் சட்டமாக்கியது 2015இல், தென் பிராங்ஸில் 16 உயிர்களைப் பறித்த பரவலின்போது.) பிரிட்டனின் எல்8 என்னும் செயல்விதித் தொகுப்பு வெப்பநிலையைக் காவலாக வைத்தது: வெந்நீர்த் தொட்டியில் 60 டிகிரி, குழாய்முனையில் ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரி, குளிர்நீர் 20 டிகிரிக்குக் கீழே. இடைப்பட்ட வெதுவெதுப்பில்தான் கிருமி பெருகும். அரிதாகத் திறக்கும் ஷவர்களை வாரம் ஒருமுறை ஓடவிட வேண்டும். முனை அடைத்துக் கைவிட்ட குழாய்த் துண்டுகளை வெட்டியெடுக்க வேண்டும். 60 டிகிரி நீர் முதியவர் கையைச் சுட்டுவிடும் என்பதால் கலப்பு வால்வு பொருத்துகிறார்கள். வால்வைத் தாண்டிய நீரோ 40 டிகிரி அளவில், கிருமிக்கு உகந்த சூட்டில் நிற்கிறது. எனவே வால்வு குழாய்முனையை ஒட்டியே இருக்க வேண்டும்.

விதிகள் இருந்தும் 2002 ஆகஸ்டில் பாரோ-இன்-ஃபர்னஸ் நகரில் 7 பேர் இறந்தனர். நகரமன்றக் கலையரங்கின் ஏ.சி. அமைப்பிலிருந்து வந்த நீராவி, மக்கள் நடந்துபோகும் சந்தில் இறங்கியது. நீரைச் சுத்திகரிக்கும் ஒப்பந்தம் அதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது. உயிரிழப்பு விளைவித்த குற்றச்சாட்டிலிருந்து நகரமன்றம் விடுபட்டாலும், பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1,25,000 பவுண்டு அபராதம் கட்டியது. என் பார்வையில் இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பம் இதுதான். கிருமி எங்கே பெருகக்கூடும் என்ற இடர் மதிப்பீடு கோப்பில் இருந்தால் போதாது. யார் பார்க்கிறார், யாருக்குச் சொல்கிறார், ஒப்பந்தத்தை நிறுத்தும்போது யாரைக் கேட்கிறார் என்பதும் மதிப்பீட்டின் பகுதியே.

எல்8 குளிர்நீருக்கு வைத்த 20 டிகிரி வரம்பு மட்டும் குளிர்நாட்டுக் கணக்கு. கோடையில் சென்னை மொட்டைமாடித் தொட்டி நீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். எனவே பிரிட்டிஷ் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்து ஒட்டினால் நம் மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் உதவாது. இங்கே தொட்டி சுத்தம், எஞ்சு குளோரின் அளவு, நீரைத் தேங்கவிடாமை ஆகியவற்றையே முதல் காவலாகக் கொண்டு விதிகளை எழுத வேண்டும்.