பருத்திக் காட்டுக் கணக்கு



மார்ட்டின் லூதர் கிங் என்னும் பெயரை நாம் அனைவரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காக அறவழியில் போராடியவர். 1964ஆம் ஆண்டில் நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். 1968ஆம் ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவரைப் பற்றிப் பாடநூல்களிலேயே படித்திருப்போம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது அவரைப் பெற்ற தாய் தந்தையரின் குடும்ப வரலாறு. தகப்பனார் பிறந்தது கூலி உழைப்பில் வாழ்ந்த ஒரு வீட்டில்.

அமெரிக்காவின் தென்பகுதியில் ஜார்ஜியா என்று ஒரு மாநிலம். அதில் அட்லாண்டா நகருக்கு அருகே ஸ்டாக்பிரிட்ஜ் என்ற சிற்றூர். 1897ஆம் ஆண்டில் அங்கே மைக்கேல் கிங் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் கிங் கல்லுடைக்கும் சுரங்கத்தில் வேலை செய்தவர். அங்கே நடந்த விபத்தில் வலக் கையின் ஒரு பகுதியை இழந்தார். பிறகு மனைவி டீலியாவுடனும் பிள்ளைகளுடனும் பருத்திக் காட்டில் வாரத்துக்குப் பயிர் செய்யப் போனார்.

அந்த வாரமுறையைச் சற்று விளக்க வேண்டும். 1865ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. நிலம் பழைய முதலாளிகளிடமே இருந்தது. ஆகவே, முதலாளியின் நிலத்தில் குடும்பம் முழுவதும் பாடுபட வேண்டும்; விளைச்சலில் ஒரு பங்கு குடும்பத்துக்கு. விதை, உரம், கோவேறு கழுதை, வீட்டுச் சாமான் எல்லாம் கடனாகத் தரப்படும். பருத்தி விற்றபின் ஆண்டுக்கு ஒரு முறை கணக்குத் தீர்ப்பார்கள். கணக்குப் புத்தகம் முதலாளியிடம் இருக்கும். ஆண்டு முழுவதும் உழைத்தவனிடம், "இன்னும் நீதான் பாக்கி தர வேண்டும்" என்று சொல்லிவிடுவார்கள். பற்றுப் புத்தகம் கடைக்காரர் கையிலேயே இருந்த காலத்தை அறிந்த நம் பெரியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஒரு முறை கணக்குத் தீர்க்கப் போன ஜேம்ஸுடன் சிறுவன் மைக்கேலும் போனான். பருத்தி விதைக்கு வர வேண்டிய பணம் கணக்கில் சேரவில்லை என்பதைக் கண்டுகொண்டான். முதலாளியின் முன்னிலையிலேயே அதைத் தந்தையிடம் சொல்லிவிட்டான். முதலாளிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தந்தையோ மகனை வாயடக்கச் சொன்னார். அவரைக் கோழை என்று நாம் சொல்லிவிட முடியாது. குடும்பத்தின் கஞ்சியும் கூரையும் அந்த மனிதர் கையில் இருந்தன.

கணக்கில் இவ்வளவு விழிப்பாக இருந்த பையனுக்குப் பள்ளிப் படிப்பு சரியாகக் கிடைக்கவில்லை என்பதுதான் வேதனை. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஆண்டில் சில மாதங்களே பள்ளி நடந்தது. மற்ற மாதங்களில் காட்டு வேலை.

1918ஆம் ஆண்டில் மைக்கேல் ஊரை விட்டு அட்லாண்டாவுக்கு வந்தார். அவருடைய அக்காள் அங்கே ஒரு போதகர் வீட்டில் தங்கியிருந்தாள். அந்தப் போதகர் ஆடம் டேனியல் வில்லியம்ஸ். அவருடைய பெற்றோரும் அடிமைகளாக இருந்தவர்களே. 1894ஆம் ஆண்டில் எபநேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தை அவர் ஏற்றபோது அதில் இருந்தவர்கள் பதின்மூன்று பேர். அதைப் பெரிய சபையாக வளர்த்தார். அட்லாண்டாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அரசாங்க உயர்நிலைப் பள்ளி ஒன்றுகூட இல்லாதிருந்தது. அதற்காகப் போராடியவர்களில் அவர் முன்னணியில் நின்றார். 1924ஆம் ஆண்டில் அந்தப் பள்ளி திறக்கப்பட்டது.

வில்லியம்ஸின் ஒரே மகள் அல்பெர்ட்டா. வர்ஜீனியா மாநிலத்தில் ஹாம்ப்டன் என்ற இடத்தில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர். இனிமையாக ஆர்கன் வாசிப்பவர். மைக்கேலுக்கு அவரிடம் மனம் சென்றது. ஆனால் இருவருக்கும் இடையில் படிப்பு நின்றது. இருபது வயதைக் கடந்த மைக்கேலை ஒரு பள்ளியில் சோதித்துப் பார்த்தபோது, ஐந்தாம் வகுப்பு அளவே தேறினார். வெட்கப்பட்டு ஓடிவிடாமல், பகலில் வேலை பார்த்துக்கொண்டே அங்கிருந்து படிக்கத் தொடங்கினார். பிறகு அல்பெர்ட்டாவின் தூண்டுதலால் மோர்ஹவுஸ் கல்லூரிக்குப் போனார். நுழைவுத் தேர்வில் தோற்றார். தலைவர் ஜான் ஹோப்பை நேரில் பார்த்து வேண்டி இடம் பெற்றார். 1930ஆம் ஆண்டில் பட்டமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

இடையில் 1926ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் திருமணம் நடந்தது. அல்பெர்ட்டா ஆசிரியர் வேலையை விட வேண்டியதாயிற்று. திருமணமான பெண்கள் வகுப்பெடுக்கக் கூடாது என்பது அந்நகரக் கல்வி வாரியத்தின் விதி. கணவர் படிப்பில் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், படித்த மனைவி வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டார். இதைப் பற்றி வரலாற்று நூல்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. நமக்கு அது ஒரு வரியாகத் தோன்றவில்லை.

ஆபர்ன் அவென்யூ தெருவில் இருந்த வில்லியம்ஸின் வீட்டிலேயே தம்பதியர் வாழ்ந்தனர். 1927இல் கிறிஸ்டின், 1929இல் மார்ட்டின், 1930இல் ஆல்ஃபிரட் டேனியல் என மூன்று பிள்ளைகள். 1931ஆம் ஆண்டில் மாமனார் இறக்கவே, மருமகன் தேவாலயப் பொறுப்பை ஏற்றார். 1934ஆம் ஆண்டில் பெர்லினில் நடந்த பாப்டிஸ்ட் மாநாட்டுக்குச் சென்று வந்தார். அந்தக் காலத்தில்தான் தம் பெயரையும் மூத்த மகன் பெயரையும் மார்ட்டின் லூதர் என்று மாற்றினார்.

பருத்திக் காட்டில் கேட்ட கேள்வியை அவர் விடவில்லை. கறுப்பின ஆசிரியர்களுக்கு வெள்ளை ஆசிரியர்களுக்கு இணையான சம்பளம் வேண்டுமென்று போராடினார். ஒரு நாள் சிறுவன் மார்ட்டினுடன் காலணிக் கடைக்குப் போனபோது, பின்னால் போய் உட்காருங்கள் என்றார் கடைச் சிப்பந்தி. தந்தை எதுவும் வாங்காமல் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். இதை மகன் வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருந்தார்.

பின்னாளில் இக்குடும்பத்தின் மேல் விழுந்த துயரம் பெரிது. 1968இல் மூத்த மகன் கொலையுண்டார். மறு ஆண்டே இளைய மகன் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். 1974ஆம் ஆண்டு ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. வழிபாட்டில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த அல்பெர்ட்டாவை ஒருவன் சுட்டுக் கொன்றான். அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. மரண தண்டனை வேண்டாம் என்று கிங் குடும்பத்தார் நின்றது அதற்கு ஒரு காரணம். மகள் கிறிஸ்டின் கல்லூரிப் பேராசிரியையாகப் பணியாற்றி 2023ஆம் ஆண்டில் மறைந்தார்.

மூத்த கிங் 1984ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் காலமானார். அட்லாண்டாவின் சவுத்வியூ கல்லறையில் அல்பெர்ட்டாவின் அருகே அவரை அடக்கம் செய்தார்கள். அது அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள் 1886ஆம் ஆண்டில் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட கல்லறை.