இத்தாலியக் கடற்படையில் நடுத்தரப் பீரங்கி: 'பியமொந்தே' முதல் 'டோரியா' வரை

1880இல் இத்தாலியக் கடற்படையில் சேர்ந்த 'துயிலியோ' நான்கே நான்கு பெரும் பீரங்கிகளைச் சுமந்தது. ஒவ்வொன்றும் 450 மி.மீ. விட்டம், 100 டன் எடை. ஒருமுறை சுட்டபின் மறுபடி குண்டு நிரப்பப் பல நிமிடங்கள் பிடிக்கும். இதே கடற்படைக்காக ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் எல்ஸ்விக்கில் கட்டி 1888இல் நீரில் இறக்கிய 'பியமொந்தே' குரூசரில் இருந்தவை 152 மி.மீ. பீரங்கிகள் ஆறு, 120 மி.மீ. பீரங்கிகள் ஆறு. விரைவாகச் சுடும் பீரங்கிகளையே முழு முதன்மை ஆயுதமாக ஏந்திய முதல் பெரிய போர்க்கப்பல் இதுதான்.

பழைய பீரங்கி சுட்டதும் வண்டியோடு பின்னுக்கு ஓடும். அதை இழுத்து வந்து மீண்டும் குறிபார்க்க வேண்டும். புதிய வகையில் குழாய் மட்டும் பின்வாங்கும். திரவம் நிரம்பிய உருளை அந்த உதைப்பை வாங்கிக்கொள்ள, குழாய் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பும். குறி அதிகம் கலையாது. 152 மி.மீ. குண்டின் எடை ஏறத்தாழ 45 கிலோ. பழகிய மாலுமி ஒருவர் அதைத் தூக்கி ஏற்றிவிடலாம். நடுத்தரப் பீரங்கி எனப்படும் இந்த வகையின் வரலாற்றை உண்மையில் தீர்மானித்தது மனிதத் தோளின் இந்த எல்லைதான் என்பது என் முடிபு.

அந்த எல்லையைத் தாண்டும்படி நெருக்கியது எதிரிக் கப்பலின் கவசம். 1890களில் கடினமான குரூப் எஃகுக் கவசம் பரவியபோது 152 மி.மீ. குண்டுக்கு அதைத் துளைக்கும் வலு போதவில்லை. பெனெதெத்தோ பிரின் வடிவமைத்த 'ரெஜினா மார்கெரிட்டா' வகைக் கப்பல்களில் 305 மி.மீ. நான்கு, 152 மி.மீ. பன்னிரண்டு என்ற வழக்கமான ஏற்பாட்டின் நடுவே 203 மி.மீ. நான்கும் நுழைந்தன.

அடுத்து விட்டோரியோ குனிபெர்ட்டி வரைந்த 'ரெஜினா எலேனா' வகை வந்தது. முதல் கப்பலின் கட்டுமானம் 1901இல் தொடங்கியது. 305 மி.மீ. பீரங்கிகள் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டே. 152 மி.மீ. அடியோடு நீங்கியது. அந்த இடத்தை 203 மி.மீ. பீரங்கிகள் பன்னிரண்டு பிடித்தன. பக்கத்துக்கு மூன்றாக ஆறு இரட்டைச் சுழல் கோபுரங்கள். ஒரு பக்கமாகச் சுட்டால் ஆறு நடுத்தரக் குண்டுகளின் மொத்த எடை ஏறக்குறைய 700 கிலோ. இரண்டு பெரும் பீரங்கிகளின் குண்டுகள் சேர்ந்து ஏறக்குறைய 800 கிலோ. துணை ஆயுதம் முதன்மை ஆயுதத்துக்குச் சமமாக வந்து நின்றது. ஆனால் 115 கிலோ குண்டைத் தூக்க இயந்திரம் வேண்டும். இயந்திரம் வந்தால் கோபுரம் வேண்டும். சுடும் வேகமும் குறையும். நடுத்தரப் பீரங்கி எதற்காகப் பிறந்ததோ அந்த விரைவையே விலையாகக் கொடுத்துத்தான் இந்த உச்சத்தை எட்டியது.

இதைக் குனிபெர்ட்டியே நன்கு உணர்ந்திருந்தார் என்று கொள்ளலாம். 1903இல் 'ஜேன்ஸ்' போர்க்கப்பல் ஆண்டுநூலில் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 17,000 டன் எடையும் 305 மி.மீ. பீரங்கிகள் பன்னிரண்டும் கொண்ட கப்பலை முன்மொழிந்தது. அதில் நடுத்தரப் பீரங்கிக்கு இடமே இல்லை. தொலைவிலிருந்து சுடும்போது குண்டு விழுந்து எழும் நீர்த்தூண்கள் எந்தப் பீரங்கியுடையவை என்று தெரியாமல் குழம்பும் என்ற வாதத்தை இன்று பலர் அவர் வாயில் வைக்கிறார்கள். அவரது வாதத்தின் அச்சாணி கவசத்தைத் துளைக்கும் வலுதான். நீர்த்தூண் வாதம் பிற நாட்டு அதிகாரிகளிடம் பின்னர்தான் வலுப்பெற்றது. 'ரெஜினா எலேனா' 1907இல் பணியில் சேர்ந்தபோது பெரும் பீரங்கிகளையே முதன்மை ஆயுதமாக நம்பிய பிரிட்டனின் 'டிரெட்நாட்' ஏற்கெனவே கடலில் இருந்தது.

பெரிது, நடுத்தரம் என இரு அளவுப் பீரங்கிகளை வைக்கும் ஏற்பாடு கவசக் குரூசர்களில் இன்னும் சிறிது காலம் நீடித்தது. 'பீசா', 'அமால்ஃபி' கப்பல்களில் 254 மி.மீ. நான்கும், இரட்டைக் கோபுரங்களில் 190 மி.மீ. எட்டும் இருந்தன. அவற்றின் உடன்பிறப்பாக லிவோர்னோவில் உருவாகி கிரேக்கத்துக்குப் போன 'ஜார்ஜியோஸ் அவெரோஃப்' 1912 டிசம்பரில் எல்லிப் போரில் ஒட்டோமான் கடற்படையை விரட்டியது. ஏதென்ஸை ஒட்டிய ஃபாலிரோவில் இன்றும் நிற்கும் அக்கப்பலில் அந்த 190 மி.மீ. கோபுரங்களைக் கண்ணால் காணலாம்.

டார்பிடோ படகுகளும் அழிப்புக் கப்பல்களும் பெருகியதால் நடுத்தரப் பீரங்கிக்கு வேறு வேலை வந்தது. கவசத்தைத் துளைக்க வேண்டாம், வேகமாகச் சுட்டால் போதும். ஆகவே 1913இல் பணியில் சேர்ந்த 'தாந்தே அலிகியேரி' மீண்டும் 120 மி.மீ.க்கு இறங்கியது. எதுவார்தோ மாஸ்தியா வடிவமைத்த இக்கப்பலின் இருபது 120 மி.மீ. பீரங்கிகளில் எட்டு, நான்கு இரட்டைக் கோபுரங்களில் உயரே அமர்ந்தன; மற்றவை பக்கவாட்டுக் கவச அறைகளில். அடுத்த 'கோந்தே தி காவூர்' வகை அந்தக் கோபுரங்களைக் கைவிட்டு, தன் 120 மி.மீ. பீரங்கிகள் பதினெட்டையும் அறைகளுக்குள்ளேயே வைத்தது. எனக்கு இது பின்னடைவாகவே படுகிறது: அறையில் அடைபட்ட பீரங்கி தன் பக்கத்தை மட்டுமே காக்கும். 'அந்திரியா டோரியா' வகையில் 152 மி.மீ. பதினாறு திரும்பி வந்தன. அழிப்புக் கப்பல்கள் பெருத்துவிட்டதால் 120 மி.மீ. பீரங்கியின் 22 கிலோ குண்டு அவற்றை நிறுத்தப் போதவில்லை. ஆனால் அவையும் தாழ்வான அறைகளில் இருந்ததால், கடல் கொந்தளித்தால் உள்ளே நீர் புகுந்தது.

1930களில் 'காவூர்', 'டோரியா' வகைக் கப்பல்கள் அடியோடு மாற்றிக் கட்டப்பட்டபோது அந்தப் பக்கவாட்டு அறைப் பீரங்கிகள் அகற்றப்பட்டன. 'காவூர்' வகைக்கு 120 மி.மீ. இரட்டைக் கோபுரங்கள் ஆறு. 'டோரியா' வகைக்கு 135 மி.மீ. மும்மைக் கோபுரங்கள் நான்கு. கோபுரமே உரிய இடம் என்று காட்டிய 'தாந்தே' அதற்குள், 1928இலேயே, உடைக்கப்பட்டிருந்தது.