நவபத்கானா தெருவும் தீயணைப்போர் கல்வியும்

மதுரைத் தெற்கு மாசி வீதியை அடுத்து நவபத்கானா தெரு என்றொரு வணிகத் தெரு உண்டு. 'நவ்பா' என்பது முறை எனப் பொருள்படும் அரபுச் சொல்; 'கானா' பாரசீகத்தில் இல்லம். முறைவைத்து முரசு ஒலித்த மண்டபத்தைக் குறித்த பெயர் இது. 2020 நவம்பர் 14, தீபாவளி நாளன்று விடியுமுன், அத்தெருவின் ஜவுளிக் கடையொன்றில் தீ மூண்டது. அணைக்கச் சென்ற வீரர்கள் மீது பழைய கட்டடம் சரிந்தது. இருவர் உயிர்நீத்தனர், இருவர் காயமுற்றனர்.

எரியும் மனைக்குள் வீரரை அனுப்பும் முறை நாம் எண்ணுமளவு பழையதன்று. முன்னாளில் தெருவில் நின்றே சன்னல் வழியாக நீரைப் பாய்ச்சினர். அது நெருப்பின் அடியைத் தொட்டதா என்பதை யார் கண்டார்? 1824இல் எடின்பரோ நகரத் தீயணைப்புப் படைக்குத் தலைவரான ஜேம்ஸ் பிரெய்ட்வுட் இதனை மாற்றினார். தச்சர், கொத்தர், கருமார், கூரை வேய்வோர் ஆகியோரையே தேடிப் படையில் சேர்த்தார். கட்டடத்தைக் கட்டியவனுக்கன்றோ அது எங்கே முறியும் என்று தெரியும்! பயிற்சியோ இரவில். இருளில் படியைத் தடவி ஏறப் பழகியவன் புகையில் தடுமாறான்.

அக்காலக் கைப்பம்பில் ஓர் உருளை நீரை உறிஞ்ச, மற்றது தள்ளும். இவ்வாறு மாறி மாறி இயங்கும் இரட்டை உருளைப் பம்பினை ஹிஜ்ரி 602இல், அதாவது கி.பி. 1206இல், அல்ஜஸரீ தம் நூலில் விளக்கியுள்ளார். ஆயினும் தீயணைப்புப் பொறியை நம்மவரே கண்டனர் என்று மார்தட்டுவது உண்மைக்கு ஒவ்வாது. அன்னாரது பொறி நீரை மேலேற்ற எழுந்தது. அழுத்தப் பம்புக்கு மூலவராகக் கருதப்படுபவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெசிபியஸ்.

சென்னையில் தீயணைப்புத் துறை 1908இல் தோன்றிற்று. நாடு முழுமைக்குமான பயிற்சிக் கல்லூரியோ 1956இல் ராம்பூரில் தொடங்கி, மறு ஆண்டு நாகபுரிக்கு மாறியது. 1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் தீயணைப்போர் 66 பேர் மாண்டிருந்தனர்.

மதுரைக்கு வேறொரு சங்கடம். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபின் நகரம் வெளியே விரிந்தது. உள்ளிருந்த சந்துகள் விரியவில்லை. அவர் நினைவாக நிற்பதே விளக்குத்தூண். அதனைச் சூழ்ந்த வீடுகள் கடைகளாயின. கடைகளின் மேல் கிடங்குகள் ஏறின. வீரர் முதுகில் சுமக்கும் காற்று உருளை புகையிலிருந்து காக்கும். சரியும் சுவரை அது தாங்காது. ஆதலின் உள்ளே நுழையக் கற்பிப்பதோடு, எந்தக் கட்டடத்தில் நுழையலாகாது என்பதையும் கற்பித்தாக வேண்டும்.

பிரெய்ட்வுட் இதனை அறியாதவரல்லர். தீயில் வார்ப்பிரும்புத் தூண்களை நம்பலாகாது என்று எச்சரித்தவர் அவர். 1861 ஜூன் 22இல், இலண்டன் டூலி வீதியில் எரிந்த கிடங்கொன்றின் சுவர் சரிந்து மாண்டார். அப்போது அவர் உள்ளே இல்லை. வெளியே, தம் வீரர்களிடையே நின்றிருந்தார்.