எண்ணும் பெயரும்

மூதாதையர் ஊரின் வாழ்வை அறிய விழைவோர், அவ்வூர் அடங்கிய மாவட்டத்தின் பழைய மக்கள்தொகைக் கணக்கிலிருந்து தொடங்கலாம். அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871ஆம் ஆண்டு ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தனர். 1881இல் அத்தொகை ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்தது. இடையில் நிகழ்ந்தது 1876–78இன் பெரும்பஞ்சம். மக்கள் வழக்கில் தாது வருஷப் பஞ்சம். இறந்தோரும், ஊர்விட்டுப் பெயர்ந்தோரும், பிறவாமற்போன குழந்தைகளும் அவ்விரு எண்களின் இடைவெளியில் அடங்குவர். எவர் வீட்டு அடுப்பு அணைந்தது என்பதை அட்டவணை உரைப்பதில்லை. பெயர் எழுதிய வீட்டுத்தாள்கள், தொகை கூட்டிய பின்னர்ப் பாதுகாக்கப்படவில்லை. எண்ணை அரசு காத்தது. பசியின் குரலைப் பஞ்சக் கும்மிகள் காத்தன. ஊர் வரலாறு எழுதப் புகுவோர் இரண்டையும் அருகருகே வைத்துக் கற்றல் வேண்டும்.