கருவிழியைச் செதுக்குவதா, உள்ளே லென்ஸ் வைப்பதா?

மைனஸ் 3 பவர் உள்ளவருக்கும் மைனஸ் 10 உள்ளவருக்கும் லாசிக் என்ற பெயர் ஒன்றுதான்; கண்ணில் நடக்கும் வேலை வேறு. பள்ளிக்காலம் முதல் சோடாபுட்டிக் கண்ணாடியோடு வாழ்பவர்கள் ‘லேசர் பண்ணிக்கொண்டால் தீர்ந்தது’ என்ற நம்பிக்கையில் மருத்துவமனைக்குப் போகிறார்கள். அங்கே டாக்டர் ‘உங்களுக்குக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், ஐசிஎல் பொருந்தும்’ என்றதும், செலவைக் கூட்டப் பார்க்கிறாரோ என்ற சந்தேகம் எழுகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது புரிந்துவிடும்.

லேசர், கருவிழியின் திசுவை எடுத்து அதைத் தட்டையாக்குகிறது. 6 மில்லிமீட்டர் அகல வட்டத்துக்கு, ஒரு பவருக்குச் சுமார் 12 மைக்ரான் போகும். மைனஸ் 6க்கு 72. மைனஸ் 10க்கு 120. கருவிழியின் நடுத்தடிமன் 520 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். லாசிக்கில் முதலில் புத்தக அட்டை போலத் திறந்து வைக்கும் மேல்படலத்துக்கு 110 போய்விடும். மிச்சத்தில் லேசர் வேலை செய்த பிறகு, மைனஸ் 6 கண்ணில் அடியில் 338 மைக்ரான் இருக்கும். மைனஸ் 10 கண்ணில் 290தான். குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பொதுவான விதி. 300க்குக் கீழே போக மனம் வராத மருத்துவர்கள் நிறைய. மேல்படலமும் செதுக்கியதும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது என்பது இன்னொரு அளவுகோல். நம் மைனஸ் 10 கணக்கில் அது 44 சதவீதம். இப்படி மெலிந்துபோன கருவிழி, கண்ணின் உள்ளழுத்தம் தாங்காமல் சில ஆண்டுகளில் முன்னே புடைக்கக்கூடும். புடைத்துவிட்டால் சாதாரணக் கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது.

இதில் லேசரின் துல்லியத்தைக் குறை சொல்வதற்கில்லை. 193 நானோமீட்டர் புறஊதாக் கதிர், சுற்றியுள்ள திசுவைக் கருக்காமல் வேண்டிய இடத்தை மட்டும் எடுக்கிறது. 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் இதைக் கண்டறிந்த மூவரில் ரங்கசாமி சீனிவாசன் சென்னையில் பிறந்தவர். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில்தான் சோதித்துப் பார்த்தார்கள். 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலும் சீனிவாசனும் கருவிழியிலும் இது நடக்கும் என்று காட்டினார்கள். கருவி எவ்வளவு நுட்பமானாலும், எடுப்பதற்குத் திசு இருந்தால்தானே?

ஐசிஎல்லில் கருவிழித் திசு எதுவும் எடுக்கப்படுவதில்லை. மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள கீறல் வழியாக ஒரு மெல்லிய லென்ஸை மடித்துச் செலுத்தி, ஐரிஸுக்குப் பின்னால், நம் சொந்த லென்ஸுக்கு முன்னால் விரித்துவைக்கிறார்கள். மைனஸ் 20 வரைகூட இதில் வழி உண்டு. பிற்பாடு தேவையென்றால் வெளியே எடுத்துவிடலாம். லேசர் எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. என் மனம் சாய்வது இங்கேதான். மைனஸ் 8க்கு மேல் உள்ள ஒருவர், கண்ணுக்குள் இடம் இருந்தால், முதலில் இதைப் பற்றியே கேட்க வேண்டும்.

ஆனால் அந்த ‘இடம்’ எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கருவிழிக்கும் சொந்த லென்ஸுக்கும் இடையிலான முன்னறையின் ஆழம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வேண்டும். லென்ஸின் அளவும் கச்சிதமாக அமைய வேண்டும்: பெரிதாகிவிட்டால் ஐரிஸைத் தள்ளிக் கண் அழுத்தத்தை ஏற்றும், சிறிதாகிவிட்டால் சொந்த லென்ஸில் உரசிக் கண்புரையை வரவழைக்கும். புதிய வகையில் நடுவே 0.36 மில்லிமீட்டர் துளை இருப்பதால் கண்ணுக்குள் நீரோட்டம் தடைபடுவது குறைந்திருக்கிறது. என்றாலும் இது கண்ணைத் திறந்து செய்யும் அறுவை. கிருமி புகுவது மிக அரிது, புகுந்தால் பார்வைக்கே ஆபத்து. கருவிழியின் உட்புறச் செல்களையும் அழுத்தத்தையும் வருடாவருடம் பார்த்துக்கொள்ள வேண்டும். செலவும் லேசரைவிடக் கணிசமாக அதிகம்.

லேசருக்குப் பின் பல மாதம் கண் வறண்டு உறுத்துவது சகஜம், ஐசிஎல்லில் அது குறைவு. இரவில் விளக்குகளைச் சுற்றி வட்டம் தெரிவது இரண்டிலும் உண்டு. மைனஸ் 10 கண்ணாடி, பார்க்கும் பொருளை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சிறிதாகக் காட்டுகிறது. அதைக் கழற்றியதும் பேருந்துப் பலகையின் எழுத்தும் எதிரே நிற்பவரின் முகமும் பெரிதாகத் தெரிவது இருவழியிலும் கிடைக்கும் பேறு. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்துக் கண்ணாடியும் இருவருக்கும் வரும்; கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பத்திரிகையைக் கிட்டத்தில் பிடித்துப் படித்த பழைய வசதி போய்விடும்.

முதுமையில் கண்புரை அறுவை செய்யும்போது ஐசிஎல்லை அப்படியே எடுத்துவிடுவார்கள். லேசர் செய்த கண்ணில் புதிய லென்ஸின் பவரைக் கணிப்பது சிக்கல். அதனால் லேசர் செய்பவர்கள், அறுவைக்கு முந்தைய கருவிழி அளவுகளையும் பவரையும் மருத்துவமனையில் எழுதி வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்வது அவசியம்.

எதைச் செய்தாலும் மாறாதது ஒன்று உண்டு. சராசரிக் கண் சுமார் 24 மில்லிமீட்டர் நீளம் என்றால், மைனஸ் 10 கண் பெரும்பாலும் 27ஐ எட்டியிருக்கும். அந்த நீட்சியில் விழித்திரை இழுபட்டு ஓரங்களில் மெலிந்திருக்கிறது. கருவிழியைச் செதுக்கியதாலோ உள்ளே லென்ஸ் வைத்ததாலோ கண்ணின் நீளம் குறையாது. கண்ணாடி போனபின் பலர் பரிசோதனைக்கே போவதில்லை என்பதுதான் என் பெரிய கவலை. சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை, அறுவைக்கு முன்பும் வேண்டும், பின்பு ஆண்டுதோறும் வேண்டும். திடீரெனக் கண்ணில் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்தில் திரை விழுந்தாற்போல இருந்தாலோ, அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போய்விட வேண்டும்.